அண்ணன் பெயரில் வந்த கல்

நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் இனிமேல் கல்லைக் கையால் அறுத்துச் சோதிக்கப் போவதில்லையாம். ஒரு டப்பாவில் போட்டுச் சென்னைக்குக் கூரியர் அனுப்பினால் போதும். அங்கே ஒரு மெஷின் கல்லின் பொடிமேல் ஒளியைப் பாய்ச்சி, இன்ன கனிமம் இத்தனை பங்கு என்று கோடு கோடாகப் படம் போட்டுக் கொடுத்துவிடுகிறது. எனக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்த ரேவதி போனில் சொன்னாள். "புதுப் பிள்ளைகளுக்காக உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க சார். சிரிப்பா இருந்தா நல்லாருக்கும்" என்றும் கேட்டாள்.

சிரிப்புக்கு என்ன பஞ்சம்! அருப்புக்கோட்டையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் மூத்திரக் கல்லைச் சோதித்தவன் நான். ஊரில் என் பெயரே 'கல்லு சார்'தான். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனால், "ஏலே, கல்லு சார் வீட்டு விசேஷம்லே!" என்றுதான் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்கள். என் மனைவிக்கு அது இன்றுவரை பிடிக்கவில்லை.

ஒருமுறை திருச்சுழிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து மேசைமேல் ஒரு கல்லை வைத்தார். "ராத்திரி பூரா உசிரு போயி உசிரு வந்துச்சு சார். விடியக்காலம் டக்குன்னு விழுந்துச்சு" என்றார். பார்த்தால் ரோட்டுக்குப் போடுகிற கருங்கல் ஜல்லி. "ஐயா, இது விழுந்திருந்தா நீங்க நடந்து வந்திருக்க மாட்டீக" என்றேன். கொல்லையில் ஒன்றுக்குப் போனாராம். சத்தம் கேட்டதும் குனிந்து, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். மறுநாள் திரும்பி வந்தார். துண்டில் ஒரு மூட்டை. "அங்கன கெடந்தத பூராவும் அள்ளியாந்துட்டேன். இதுல எதுன்னு நீங்களே பாத்துக்கங்க" என்று அவிழ்த்துக் கொட்டிவிட்டார். நானும் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்து பொறுக்கினேன். அதற்குள் நெருஞ்சிமுள் மாதிரி பழுப்பாக ஒரு துணுக்கு நிஜமாகவே இருந்தது. கால்சியம் ஆக்ஸலேட். மனுஷன் பட்டது பொய்யில்லை.

இந்தச் சீமையில் அந்தக் கல்தான் அதிகம். வெயில் அப்படி, தண்ணீரின் உப்பு அப்படி. அதோடு தறிக்கூடத்தில் நின்றால் காலையில் நின்றவர்கள் மத்தியானம் வரை நகர மாட்டார்கள். ஆண்கள் வெளியே சுவரோரம் ஒதுங்குவார்கள். பெண்களுக்கு அதற்கும் வழி கிடையாது. அதனால் அவர்கள் தண்ணீரையே குடிக்க மாட்டார்கள். இதைப் பல வீடுகளில் ஒரு சாமர்த்தியம் மாதிரியே சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

நான் கெமிஸ்ட்ரி படித்தவன். மதுரையில் கொஞ்ச காலம் ரத்தம், சர்க்கரை, உப்பு என்று சோதிக்கக் கற்றுக்கொண்டேன். பிறகு மதுரைக்காரர்கள் சிலர் சேர்ந்து அருப்புக்கோட்டையில் கல்லுக்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கியபோது, உள்ளூர்க்காரன் என்பதால் என்னை எடுத்துக்கொண்டார்கள். வேலையை உண்மையில் கற்றுக்கொண்டது அங்கேதான், விசாலாட்சி மேடத்திடம்.

மேடம் உயிர்வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட பருத்திச் சேலை, குரலை உயர்த்தியே பேசமாட்டார். ஆனால் அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. மனசு நன்றாக இருந்தால் எங்களை 'நீ' என்பார், 'வா', 'போ' என்பார். கோபம் வந்துவிட்டால் 'நீங்க'. "இந்தக் குடுவையக் கழுவினது நீங்களா?" என்று கேட்டாரென்றால், கேட்டு முடிக்குமுன்பே குடுவையைத் தூக்கிக்கொண்டு மறுபடி கழுவ ஓடுவோம். மரியாதை கூடக் கூட ஆபத்து கூடும் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

கல் வந்ததும் முதல் வேலை கழுவுவது. எங்கள் ஊரில் கல் விழுந்தால் சும்மா கொண்டுவர மாட்டார்கள். குலசாமி காப்பாற்றியது என்று விபூதி தடவி, மஞ்சள் துணியில் முடிந்து கொண்டு வருவார்கள். விபூதிமேல் ஆசிட் பட்டாலே நுரைக்கும், கல்லிலேயே கார்பனேட் இருக்கிறதென்று ஏமாந்துவிடுவோம். அதனால் காய்ச்சி வடித்த நீரில் மெல்லிய பிரஷ்ஷால் கழுவி, உலர்த்தி, எடை போட வேண்டும். பிறகு லென்ஸை வைத்துச் சும்மா பார்க்க வேண்டும். "மொதல்ல பாரு. ஆசிட் எங்கயும் ஓடிப்போகாது" என்பார் மேடம். பார்த்த பிறகு, நகை ஆசாரிகள் கம்பி அறுக்கிற மெல்லிய ரம்பத்தால் நடுவில் அறுக்க வேண்டும். உள்ளே வளையம் வளையமாக இருக்கும். நடுக்கருவில் ஒரு கனிமம், மேல் சுற்றில் வேறொன்று. ஒவ்வொரு சுற்றையும் தனியாகச் சுரண்டி, அகேட் கல்வத்தில் அரைத்து, தனித்தனி வெள்ளைத் தட்டில் வைக்க வேண்டும்.

அப்புறம்தான் சொட்டுகள். நைட்ரிக் அமிலம் விட்டுச் சூடாக்கி, அமோனியா காட்டினால் ஊதா வந்தால் யூரிக் அமிலம். மாலிப்டேட்டில் மஞ்சள் படிந்தால் பாஸ்பேட். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு நுரை, ஒரு நாற்றம். எல்லாவற்றுக்கும் கடைசியில் சிஸ்டின். அதற்குச் சயனைடு வேண்டும். அந்த பாட்டில் பூட்டிய அலமாரியில் இருக்கும், சாவி மேடத்தின் கைப்பையில். பொடியை அமோனியாவில் கரைத்து, சயனைடு விட்டுக் காத்திருந்து, இன்னொரு மருந்தைச் சொட்டினால், சிஸ்டின் இருந்தால் பீட்ரூட் சாறு மாதிரி நிறம் வரும். ஆனால் வராது. வருஷக்கணக்காகச் செய்தேன், ஒருமுறையும் வந்ததில்லை. அவ்வளவு அபூர்வமான கல் அது.

மற்ற கல்லெல்லாம் தண்ணீராலும் சாப்பாட்டாலும் கிருமியாலும் வருவது. சிஸ்டின் பிறவியிலேயே வருவது. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் அந்தக் குறை வந்து ஒரு பிள்ளையிடம் சேர்ந்தால்தான் வரும். வந்தால் ஆயுசுக்கும் விடாது, மறுபடி மறுபடி கல் கட்டும். ஆனால் தெரிந்துவிட்டால் அடக்கி வைக்கலாம். ராத்திரியில் எழுந்துகூடத் தண்ணீர் குடிக்க வேண்டும், மூத்திரத்தின் அமிலத்தைக் குறைக்கிற மருந்து சாப்பிட வேண்டும். தெரியவேண்டும், அதுதான் விஷயம்.

ரேவதி கேட்ட சிரிப்பு முடிந்தது. இனிமேல் வருவதை எழுத எனக்கே இஷ்டமில்லை. ஆனாலும் புதுப் பிள்ளைகள் படிக்கவேண்டியது இதைத்தான்.

கணேசன் என்ற பையன் ஒரு கல்லைக் கொண்டுவந்தான். டவுனில் நாலு விசைத்தறி வைத்திருக்கிற குடும்பம். இருபத்தைந்து வயது இருக்கும். கல் அவனுடையது இல்லை, அவன் தங்கை மல்லிகாவுடையது. எனக்கு இது தெரியவந்தது வெகுகாலம் கழித்து. அன்றைக்கு அவன் தன் பெயரைச் சொன்னான், தன் வயதைச் சொன்னான், நானும் எழுதிக்கொண்டேன். தங்கைக்குப் பந்தல்குடியில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. பொண்ணுக்குக் கல் வியாதி என்று காற்றுவாக்கில் போனாலும் சம்பந்தம் முறிந்துவிடும் என்று வீட்டில் பயம். இங்கே இது ஒன்றும் புதுமையில்லை. பெண்பிள்ளைகளின் எக்ஸ்ரேகூட அத்தை பெயரில், அம்மா பெயரில் எடுக்கிற ஊர்.

"எந்தப் பக்கம் வலி?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தான். "ரெண்டு பக்கமும்தான் சார்" என்றான்.

கல்லைக் கழுவி லென்ஸில் பார்த்தபோதே எனக்குக் கை நின்றுவிட்டது. தேன் நிறம், மெழுகு பூசியது போன்ற பளபளப்பு. ரம்பத்துக்கு லேசில் இடம் கொடுக்கவில்லை. உள்ளே வளையமே இல்லை, நடுவிலிருந்து ஓரம் வரை ஒரே பொருள். பொடியில் கொஞ்சத்தைத் தீயில் காட்டினேன், கந்தக நாற்றம் அடித்தது. மேடத்திடம் ஓடிப்போய்ச் சாவி வாங்கிவந்து சொட்டினேன். வெள்ளைத் தட்டில் பீட்ரூட் சாறு.

மேடம் நம்பவில்லை. அமோனியாவில் கரைத்துக் கண்ணாடித் தகட்டில் உலர வைக்கச் சொன்னார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அறுகோணம் அறுகோணமாகப் படிகங்கள், அளந்து வெட்டியதுபோல. உலகத்தில் வேறெந்தக் கல்லும் அப்படிக் காட்டாது. "அடடா! வந்திருச்சுடா" என்றார் மேடம். அவர் என்னை 'டா' போட்டது அந்த ஒரே தடவைதான். எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஒரு மனுஷனின் வியாதியைக் கண்டு சந்தோஷப்பட்டோமே என்று இப்போது கூச்சமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

கணேசனுக்குக் கார்டு போட்டோம். வந்தான். மேடம் அவனை உட்காரவைத்து, இது என்ன கல், ஏன் வருகிறது என்று பொறுமையாகச் சொன்னார். அப்பாவும் அம்மாவும் சொந்தமா என்று கேட்டார். "அம்மாவுக்குத் தாய்மாமன்தான் எங்கப்பா" என்றான். "வீட்ல வேற யாருக்காவது கல் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம். எனக்கு மட்டுந்தான்."

பிறகு மேடம் அவனிடம் ஒரு பாட்டிலைக் கொடுத்து, அங்கேயே மூத்திரம் பிடித்துவரச் சொன்னார். சிஸ்டின் கல் உள்ளவரின் மூத்திரத்திலும் அதே நிறம் வந்தாக வேண்டும். கணேசன் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். கூச்சம் என்று நினைத்தேன். கொண்டுவந்து கொடுத்தான். சொட்டினேன். நிறமே இல்லை.

மறுநாள் காலை முதல் மூத்திரத்தை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னோம். அதிலும் இல்லை. மருந்து கெட்டுப்போயிற்றோ என்று கல்லின் மிச்சப் பொடியில் சொட்டினேன், பளிச்சென்று வந்தது. மூத்திரத்தில் மட்டும் இல்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அந்த வாரம் வந்த கல்லெல்லாம் ஒண்ணாத்தானே கழுவிக் காய வச்சீங்க?" என்றார்.

நீங்க.

"தனித்தனித் தட்டுல, பேரு எழுதி ஒட்டித்தான் மேடம் வச்சேன். மாறல."

"மாறாம எப்படி? கல்லுல இருக்கறது ஆள்கிட்ட இல்லேன்னா, கல்லு அந்த ஆளோடது இல்ல. நீங்களே சொல்லுங்க."

கல் அந்த ஆளுடையது இல்லை! எவ்வளவு சரியாகச் சொன்னார். அந்த வாரம் கல் கொடுத்த மற்ற மூன்று பேருக்கும் கார்டு போட்டார். இரண்டு பேர் வந்தார்கள், அவர்களிடமும் நிறம் வரவில்லை. மூன்றாமவர் திருச்சுழியைத் தாண்டி ஏதோ ஊரில் ஒரு பெரியவர், வரவே இல்லை. அப்படியானால் அவருடையதாகத்தான் இருக்கும் என்று மேடம் முடிவு கட்டிவிட்டார். கணேசனின் முடிவைச் சிவப்பு மையில் அடித்து, 'மாதிரி மாறியிருக்கிறது, செல்லாது' என்று எழுதினார். எனக்கு ஒரு மெமோ கிடைத்தது, அதுவரை வாங்கியறியாதவன். நான் பெரியவரைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் போனேன், மறைப்பானேன். அவர் மகன் வீட்டுக்குத் திருப்பூர் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

தட்டு மாறவில்லை என்று நான் வாதாடினேன். மாறியது என்று அவர் வாதாடினார். அந்தக் கல் பின்னே யாருடையது என்று இரண்டு பேரும் அந்தப் பையனிடம் திரும்பக் கேட்கவில்லை. முடிவு வாங்க வந்த அவனோ எதிரில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் மேடமே அவனிடம், "தம்பி, பயப்படாதீங்க. எங்க பக்கம் தப்பு நடந்திருச்சு. உங்களுக்கு அந்த வியாதி இல்ல" என்றார். கணேசன் கும்பிட்டுவிட்டு எழுந்து போனான்.

பல வருஷம் ஓடியது. மேடம் ஓய்வு பெற்றுக் கோயம்புத்தூர் போய்விட்டார். ஒருநாள் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண்ணும் புருஷனும் ஒரு பாட்டிலோடு வந்தார்கள். அவளுடைய வலது சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்களாம். உள்ளே இருந்த கல் இஞ்சிக் கிழங்கு மாதிரி கிளை விட்டிருந்தது. தேன் நிறம், மெழுகுப் பளபளப்பு. சொட்டினேன், வந்தது. அவள் மூத்திரத்தில் சொட்டினேன், அதிலும் வந்தது.

அவள் ஊரும் வீடும் கேட்டேன். பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் லாரி உதிரிச் சாமான் கடை. புருஷன் லோடுக்கு அலைவான், இவள் காலையிலிருந்து இருட்டும் வரை கல்லாவில் இருப்பாள். பிறந்த வீடு அருப்புக்கோட்டை என்றாள். புருஷன் மருந்து வாங்கக் கீழே இறங்கியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே இங்க ஒரு கல்லு குடுத்தோமே சார். எங்க அண்ணன் பேர்ல. கணேசன்னு."

நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். என்ன சொல்வது? தட்டு மாறவில்லை, நான் சொன்னதுதான் சரி என்று சொல்லவா? இத்தனை வருஷம் அந்த மெமோவை நினைத்து எத்தனை நாள் புழுங்கியிருக்கிறேன்! அது பொய்யென்று தெரிந்த அந்த நிமிஷத்தில் அது எனக்கு ஒன்றுமே இல்லாமல் போயிற்று.

மறுநாள் கணேசன் ஆய்வுக்கூடத்துக்கு ஓடிவந்தான். முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"வீட்லருந்து கொண்டாரச் சொன்னீகல்ல சார், ரெண்டாந் தடவ? அவளுதக் கொண்டாந்துருவோமான்னு பாட்டில எடுத்துட்டேன். அம்மாதான் வேணாம்னுச்சு. முகூர்த்தம் நெருங்கிருச்சு, ஆஸ்பத்திரி ஆப்பரேசன்னு இழுத்துருவாக, கல்யாணம் முடியட்டும் அவ புருசன் பாத்துக்கிருவான்னுச்சு."

"சரிப்பா. கல்யாணம் முடிஞ்ச பெறகாவது சொல்லிருக்கலாமே?"

அவன் முகம் கோணிக்கொண்டு வந்தது. "நீங்கதான சார் சொன்னீக, எங்க தப்பு, அந்த வியாதியே இல்லன்னு! பெரிய மேடமே சொல்லிட்டாக. அப்ப அவளுக்கும் ஒண்ணுமில்ல, சாதாக் கல்லுதான்னு நாங்க நிம்மதியா இருந்துட்டோம்."

அவர்கள் சொன்ன பொய்யை நாங்கள் நம்பினோம். அந்த நம்பிக்கையில் நாங்கள் சொன்ன பொய்யை அவர்கள் நம்பினார்கள். நடுவில் அந்தப் பெண் லாரிக்காரர்களுக்கு நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு, கடையில் ஒதுங்க இடமில்லாததால் பொழுது சாய்கிற வரை தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். இடுப்பு வலித்தால் வாழைத்தண்டுச் சாறு குடித்தாளாம்.

அன்றைக்கே மேடத்துக்குப் போன் செய்தேன். மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"வீட்ல இருக்கற அத்தன பேரோட யூரினும் கொண்டாங்கன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கணும். பிறவி வியாதின்னு பாடம் நடத்தத் தெரிஞ்சுது, அது தோணல" என்றார். பிறகு, "நீ மாத்தல. உன்ன எவ்வளவு பேசிட்டேன்" என்று அழுதார். மேடம் அழுது நான் கேட்டதில்லை. என்னைப் பேசியதற்கா மேடம் அழவேண்டும் என்று எனக்குக் கோபமாகக்கூட வந்தது.

அதற்கப்புறம் மல்லிகா எல்லா மருந்தும் சாப்பிட்டாள். தண்ணீரும் குடித்தாள். ஆனால் மிஞ்சியிருந்த இடது சிறுநீரகம் அதற்குள் பாதிக்குமேல் கெட்டிருந்தது. கொஞ்ச வருஷம் தாக்குப்பிடித்து, அதுவும் நின்றது. கணேசன் தன்னுடையதைக் கொடுக்க முன்வந்தான். சர்க்கரை இருக்கிறது, கூடாது என்று டாக்டர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது வேறு சிறுநீரகத்துக்குப் பதிந்துவிட்டு, டயாலிசிஸில் நாளை ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

புதுப் பிள்ளைகளே, உங்கள் மெஷின் என் மூக்கையும் கண்ணையும்விடத் துல்லியமானது, சந்தேகமில்லை. கல் என்ன என்று அது சொல்லிவிடும். கல் யாருடையது என்று அது சொல்லாது. முடிவும் ஆளும் பொருந்தவில்லை என்றால் உடனே உங்கள் தட்டைச் சந்தேகப்படாதீர்கள். கதவைச் சாத்திவிட்டு, அந்த ஆளை உட்காரவைத்து, "யாருக்காக வந்திருக்க?" என்று மெதுவாகக் கேளுங்கள். வீட்டில் கல்யாண வயதில் ஒரு பெண் இருந்தால் இரண்டு தடவை கேளுங்கள்.

போன சித்திரையில் அவளைப் பார்க்கப் பந்தல்குடிக்குப் போயிருந்தேன். கடையில்தான் இருந்தாள், உடம்பு பாதியாகியிருந்தது. கால் வீங்கியிருந்தது. அனல் காற்று லாரிப் புழுதியோடு உள்ளே அடித்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, பானையிலிருந்து ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் மோந்து கொண்டுவந்தாள். அவள் பங்குக்கு மேசையில் ஒரு சின்ன பாட்டில் இருந்தது. நாள் முழுக்க அவ்வளவுதான், அதற்குமேல் குடித்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

எனக்குச் சொம்பை வாயில் வைக்க மனம் வரவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

"குடிங்க சார், வெயில்ல வந்திருக்கீக" என்றாள். "அன்னைக்கு யாராச்சும் ஒரு ஆளு, ஏ புள்ள தண்ணி குடின்னு சொல்லிருந்தா, நான் குடங்குடமாக் குடிச்சிருப்பேன் சார். இப்ப நாக்க நனைக்கத்தான் விடுறாக."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அட, குடிங்க சார். நீங்க குடிக்கறதப் பாக்கவாச்சும் செய்றேன்."

குடித்தேன். அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொம்பைக் கீழே வைத்ததும், "நல்லா ஜில்லுன்னு இருக்கா சார்?" என்று கேட்டாள்.

"இருக்கும்மா" என்றேன்.